மரப்பு மருந்து ஒவ்வாது

ரஜப் பிறை 4, திங்கள்

அழைப்போர் வாய் திறக்குமுன் கேட்போனும், அருளில் எல்லை இல்லாதோனும், செவியையும் அதனுள் ஒலியையும் படைத்தோனுமாகிய ஏகனின் திருநாமத்தால் தொடங்குகிறேன். அவனுடைய தூதர் மீதும் அவர்தம் கிளையார் மீதும் சாந்தி நிலவுக.

இந்தக் குறிப்பேட்டை மகள் மைமூன் வாங்கித் தந்தாள். "வாப்பா, உம்மாவுக்கு எப்ப தலை சுத்துது, எவ்வளவு நேரம் சுத்துது, அன்னைக்கு என்ன சாப்பிட்டாங்கண்டு தேதி போட்டு எழுதி வைங்கோ. டாக்டர் கேப்பாரு. பாட்டெல்லாம் எழுதிடாதியோ" என்றாள். பாட்டு எழுதப் போவதில்லை.

நோயாளி என் மனைவி ஜெய்னம்பு. அகவை அறுபத்தெட்டு. ஆறாண்டுகளுக்கு முன் அவளுடைய இடச்செவியில் இரைச்சல் தொடங்கியது. உடன் தலைச்சுற்றலும் வந்தது. ஊரார் நோய்க்கு நீர்க்குவளையுடன் என்னிடம் வருவதும், நான் இறைமறை ஓதி அதில் ஊதிக் கொடுப்பதும் வழக்கம். அவளுக்கும் இரண்டாண்டு ஓதிப் பார்த்தேன். பின்னர் மருத்துவரிடம் சென்றோம். அதற்குள் அந்தச் செவி அடங்கிவிட்டது.

இப்போது வலச்செவியிலும் அதே இரைச்சல். உட்செவியில் நீர் மிகுவதால் வரும் நோயாம். காலையில் கேட்பாள், மாலைக்குள் மங்கிவிடும். எஞ்சியிருப்பது இந்த ஒரு செவிதான்.

சென்ற மாதம் வீட்டளவில் சிறு வைத்தியம் ஒன்று செய்து பார்த்தோம். அதை இங்கே விரித்தெழுத வேண்டியதில்லை.

நாளை ஊரிலுள்ள காது மருத்துவரிடம் போகிறோம். செவிச் சவ்வின் வழியாக ஊசியால் மருந்து செலுத்துவாராம். மாலையில் குடையின் முறிந்த கம்பியைக் கட்டினேன்.

ரஜப் பிறை 5, செவ்வாய்

மருத்துவர் இளைஞர், பணிவானவர். மைமூன் என் பக்கத்தில் நின்றாள். ஜெய்னம்பு கட்டிலில் கிடந்தாள். அவர் பேசியது அவளுக்குக் கேட்கவில்லை.

"சவ்வு ரொம்பக் கூசும் அய்யா. முழு மயக்கம் கொடுக்கவும் வழியில்ல, அவங்க இதய வால்வு சுருங்கியிருக்கு. அதனால மரப்பு மருந்தைக் காது நிறைய விட்டுக் கால் மணி நேரம் வைப்போம். அப்புறம் ஊசி எறும்பு கடிச்ச மாதிரிதான் இருக்கும். காதுல சீழ் எதுவும் வடிஞ்சுதா? எண்ணெய் கிண்ணெய் ஊத்துனீங்களா? சவ்வு மேல ஏதோ அழுக்கு காய்ஞ்சு ஒட்டியிருக்கு, அதான் கேக்குறேன்."

மைமூன் என்னைப் பார்த்தாள். நான் விடையளித்தேன்.

மருந்தை விட்டுச் சில நிமிடங்களே ஆகியிருக்கும். ஜெய்னம்பு கட்டிலின் கம்பியை இரு கையாலும் பற்றிக்கொண்டு அலறினாள். "மச்சான், என்னைப் பிடிங்கோ! கட்டில் கவுறுது! தரை மேல வருது!" அவளுடைய கருவிழிகள் ஒரே பக்கமாக இழுத்து இழுத்து அடித்தன. வாந்தி நிற்கவில்லை. மருத்துவர் மருந்தை உறிஞ்சி எடுத்தார், ஊசியைக் கைவிட்டார். ஐந்து மணி நேரம் அப்படியே கிடந்தாள். இறுதி வேளை வந்ததென எண்ணிக் கலிமா சொன்னாள். நான் தலைமாட்டில் அமர்ந்து ஓதிக்கொண்டிருந்தேன்.

"இப்படி நான் பார்த்ததே இல்ல. சவ்வு முழுசா இருந்தா மருந்து உள்ளே போக வழியில்லையே. இவங்க உடம்புக்கு மரப்பு மருந்தே ஒத்துக்கல போல" என்றார் மருத்துவர். அவருடைய முகம் வெளிறியிருந்தது. அவளுடைய சீட்டின் தலைப்பில் சிவப்பு மையால் எழுதினார்: மரப்பு மருந்து ஒவ்வாது.

ரஜப் பிறை 6, புதன்

உறங்குகிறாள். சுற்றல் இல்லை. கஞ்சி அரைக்கோப்பை.

நூல் அலமாரியின் பின்வரிசையில் கருஞ்சீரக எண்ணெய்ச் சீசா ஒன்று இருந்தது. கிணற்றடித் தென்னைக்கு ஊற்றிவிட்டுச் சீசாவைக் கழுவி வெளியே போட்டேன். எண்ணெய் பழையதாகிவிட்டது.

ரஜப் பிறை 9, சனி

உப்பைக் குறைக்க வேண்டுமென்பது மருத்துவர் கட்டளை. உப்பு நீரைத் தேக்குமாம். கடற்கரை ஊரில் இதைச் சொல்வது எளிது; செய்வது எளிதன்று. மைமூன் கருவாட்டுப் பானையையும் ஊறுகாய்ச் சாடியையும் அடுத்த வீட்டுக்கு அனுப்பிவிட்டாள். நான் துறைக்குப் போய் உயிர்மீனாகச் சீலா வாங்கி வந்தேன்.

ஜெய்னம்பு ஒரு வாய் உண்டுவிட்டு வட்டிலைத் தள்ளினாள். "இது மீனா, பஞ்சா? இதைத் திங்கிறதுக்கு நான் மௌத்தாப் போகலாம்."

"நானும் இதையேதான் உண்கிறேன்" என்று அவள் காதருகே உரக்கச் சொன்னேன்.

"பொய் சொல்லாதிய மச்சான். உங்க மீசையில நார்த்தங்காய் வாடை அடிக்கி."

மைமூன் சிரித்துவிட்டாள். நானும் சிரித்தேன். அடுத்த வீட்டில் ஒரு துண்டு தின்றது உண்மை.

ரஜப் பிறை 14, வியாழன்

ஹாங்காங்கிலிருந்து மகன் பேசினான். அவள் தொலைபேசியைச் செவியில் வைத்துச் சற்று நேரம் சிரித்த முகமாய் இருந்தாள்; பிறகு என்னிடம் நீட்டினாள். "நீங்க பேசுங்கோ. எனக்குக் காத்தடிக்கிற சத்தந்தான் வருது." அவன் தன் குழந்தை நடக்கத் தொடங்கியதைச் சொல்லிக்கொண்டிருந்தான்.

ஊசியைப் பற்றி மைமூன் பேச்செடுத்தாள். ஜெய்னம்பு உறுதியாக மறுத்துவிட்டாள். "அந்தப் பையன் என்னைக் கொல்லப் பார்த்தான். இனி எவன் கையிலயும் என் காதைக் கொடுக்கமாட்டேன். போனாப் போகட்டும்."

தெருவில் இப்பேச்சுப் பரவியிருக்கிறது. மூன்று வீட்டார் அந்த மருத்துவரிடம் போவதை நிறுத்திவிட்டார்களாம். நான் எவரையும் மறுத்துரைக்கவில்லை. ஆமென்றும் சொல்லவில்லை.

சுற்றல் இருமுறை, ஒவ்வொன்றும் இருபது நிமிடம்.

ரஜப் பிறை 20, புதன்

தூத்துக்குடிக்குப் போனோம். மைமூன் இரண்டு நாள் அழுதபின் "பாக்க மட்டுந்தான் வருவேன், ஊசி கிடையாது" என்று ஜெய்னம்பு இறங்கி வந்தாள். மருத்துவர் எஸ்தர் தங்கமணி ஐம்பதைக் கடந்த அம்மையார், மெல்லப் பேசுகிறவர். உருப்பெருக்கியால் நெடுநேரம் உள்ளே நோக்கினார்.

"சவ்வுல ஒரு இடம் மட்டும் புதுத் தோல் மாதிரி மெல்லிசாத் தெரியுது. அங்க முன்னால ஓட்டை இருந்து ஆறியிருக்கோ?" என்று கேட்டார். "அய்யா, உங்களுக்கு ஏதும் தெரியுமா?"

"தெரியாது அம்மா."

அவர் சீட்டைத் திருப்பிச் சிவப்பெழுத்தைக் கண்டார், மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். "இது உண்மைன்னா என் கையைக் கட்டிப் போட்ட மாதிரி. ஊசி போடும்போது அவங்க ஒரு நூல் அசையக் கூடாது. மரப்பு இல்லாம எந்த மனுசராலயும் அப்படிக் கிடக்க முடியாது. முழு மயக்கத்துக்கு இதயம் தாங்காது. மாத்திரை தாரேன், உப்பைக் குறைங்க. ஆனா ஒண்ணு சொல்லிருதேன், மாத்திரையால மட்டும் இந்தக் காதை நிறுத்தி வைக்க முடியாது. ரெண்டு மாசமோ, மூணு மாசமோ."

மைமூன் அதை ஏட்டில் எழுதி உம்மாவிடம் காட்டினாள். ஜெய்னம்பு படித்தாள். "நான்தான் அப்பவே சொன்னேனே, என் உடம்புக்கு ஆகாதுண்டு" என்றாள். வரும் வழியெல்லாம் சன்னலுக்கு வெளியே உப்பளங்களைப் பார்த்துக்கொண்டு வந்தாள்.

ரஜப் பிறை 21, வியாழன்

எழுதுவதற்கு ஒன்றுமில்லை.

ரஜப் பிறை 25, திங்கள்

காலை பத்து மணிக்கு அடுக்களையில் விழுந்தாள். முன்னறிகுறி ஏதுமில்லை, பின்னாலிருந்து யாரோ தள்ளியதுபோல் விழுந்தாளாம். அம்மிக்கல்லின் விளிம்பு நெற்றியைக் கிழித்துவிட்டது.

மருத்துவமனையில் தையல் போடும் அறைக்குக் கொண்டுபோனோம். செவிலி மரப்பு ஊசியைக் கையிலெடுத்தார். சீட்டைப் பார்த்தவர் ஊசியைத் திரும்ப வைத்துவிட்டார்.

"இதுல ஆகாதுன்னு போட்டிருக்கே. நான் போட முடியாது பெரியவரே. ஏதாவது ஆச்சுன்னா யார் பொறுப்பு? நாலு தையல்தான். பொறுத்துக்கச் சொல்லுங்க."

நான் ஜெய்னம்புவின் காதருகே குனிந்து அதைச் சொன்னேன். அவள் தலையசைத்தாள். என் கையைப் பிடித்துக்கொண்டாள். நான்கு தையல்கள் போடப்பட்டன. மரக்காத நெற்றியில் நான்கு முறை ஊசி உள்ளே போய் வெளியே வந்தது. அவள் கத்தவில்லை. மூன்றாவது தையலில் என்னைப் பார்த்து, "நீங்க ஏன் மச்சான் அழுவுறிய? எனக்குல்ல குத்துறாங்க" என்றாள்.

ரஜப் பிறை 27, புதன்

நபிகளார் விண்ணேறிய நாள். பெண்களின் தொழுகைக் கூடமான தைக்காவில் பகலில் புகழ்மாலை ஓதினர். ஜெய்னம்பு நெற்றிக் கட்டுடன் போய் முன்வரிசையில் அமர்ந்தாளாம். பக்கத்துப் பெண்ணின் உதட்டைப் பார்த்துத் தானும் அசைத்தாளென்று மைமூன் சொன்னாள். எல்லாரும் நிறுத்தியபின்னும் இவள் மட்டும் ஓதிக்கொண்டிருந்தாளாம்.

இறைமறையில் மனிதனுக்கு அருளப்பட்டவை பேசப்படும் இடங்களிற் பலவற்றில் பார்வைக்கு முன்னே செவிப்புலன் நிற்கிறது. இதை நான் பலமுறை பலருக்கு விளக்கியிருக்கிறேன். அதே வாயால் செய்ததை இப்போது எழுதுகிறேன்.

சென்ற மாதம் கருஞ்சீரக எண்ணெயைக் காய்ச்சி ஓதி ஊதி அவளுடைய வலச்செவியில் ஏழு நாள் விட்டேன். மைமூன் வெளியே சென்ற வேளைகளில் விட்டேன். காதில் எண்ணெய் படவே கூடாதென்று மகள் முன்பே தடுத்திருந்தாள். ஐந்தாம் நாள் எரிகிறதென்று ஜெய்னம்பு சொன்னாள். நோய் வெளியேறுகிறது என்றேன். அதன்பின் பத்து நாள் சீழ் வடிந்தது. சவ்வில் துளை விழுந்திருக்க வேண்டும். அதன்மேல் பொருக்குக் கட்டியிருக்க வேண்டும்.

அந்த இளைஞர் கேட்ட இரு வினாக்களுக்கும் நான் அளித்த விடை 'இல்லை' என்பது. மகள் பக்கத்தில் நின்றதால் அப்படிச் சொன்னேன். என் ஓதுதல் பலிக்கவில்லை என்பதைவிட, என் ஓதுதல் அவளைப் புண்ணாக்கியது என்பதைச் சொல்ல நாவெழவில்லை. மருந்து அத்துளை வழியே உட்செவிக்குப் போயிற்று. உடம்புக்கு ஒவ்வாதது மருந்தன்று.

பழுது ஓதுதலில் இல்லை. இறைவசனம் எவருடைய செவியையும் துளைத்ததில்லை. துளைத்தது என் செருக்கு.

நாளை தனியே போகிறேன்.

ரஜப் பிறை 28, வியாழன்

ஆறரை மணிப் பேருந்தில் போனேன். நண்பரைக் காணப் போவதாக வீட்டில் சொன்னேன், அதுவும் பொய். எஸ்தர் அம்மையார் நோயாளிகள் அனைவரும் போனபின் அழைத்தார். நின்றுகொண்டே சொல்லி முடித்தேன்.

அவர் பேனாவை மூடி வைத்தார். பிறகு, "உக்காருங்க அய்யா" என்றார். "நீங்க சொன்னது ரொம்பப் பெரிய விசயம். ஓட்டை இருந்திருந்தா அது ஒவ்வாமையே இல்ல. மரப்பு மருந்து உள்காதுக்குப் போனா உள்காதும் மரத்துரும், பூமியே சுத்தும். அஞ்சாறு மணி நேரத்துல தானா இறங்கிரும். உயிருக்கு ஆபத்தில்ல. அன்னைக்கே அந்தத் தம்பிக்குத் தெரிஞ்சிருந்தா அந்தம்மாகிட்ட அதைச் சொல்லித் தைரியம் கொடுத்திருப்பார்."

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"இப்ப ஓட்டை ஆறியிருச்சு. இருந்தாலும் காது நிறைய ஊத்தமாட்டேன். முதல்ல கைத்தோல்ல துளி போட்டு ஒவ்வாமை இல்லன்னு உறுதி பண்ணிக்கிடுதேன். அப்புறம் கம்பி நுனியில துளியூண்டு எடுத்து, ஊசி இறங்குற ஒரே புள்ளியை மட்டும் தொட்டு மரக்க வைப்பேன். ஆனா அய்யா, மரப்பு சவ்வுக்குத்தான். பயத்துக்கு மரப்பு கிடையாது. பழைய நினைப்போட படுத்தாங்கன்னா உதறுவாங்க. ஏன் அப்படி ஆச்சுன்னு அவங்களுக்குத் தெரியணும். நான் சொல்லட்டுமா, நீங்க சொல்லுதீங்களா?"

"நான் சொல்கிறேன்."

"ஊசிக்கு முன்னால சொல்லுங்க."

"சரி அம்மா."

ஷஅபான் பிறை 1, ஞாயிறு

சொல்லவில்லை. "புதிய வகை மரப்பு மருந்து வந்திருக்கிறது, ஒவ்வும்" என்று மட்டும் ஏட்டில் எழுதிக் காட்டினேன். அவள் நெடுநேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "நீங்க சொல்றியண்டா வாரேன்" என்றாள்.

நெற்றித் தையல் பிரித்தாயிற்று. மழை. முற்றத்தில் காய்ந்த விறகை எடுத்து உள்ளே அடுக்கினேன்.

ஷஅபான் பிறை 3, செவ்வாய்

கையில் வைத்த துளியால் தடிப்போ சிவப்போ இல்லை.

உள்ளே செலுத்தும் மருந்து குளிர்ந்திருந்தாலும் தலை சுற்றுமாம்; உடம்பின் சூட்டில் இருக்க வேண்டுமாம். செவிலி மரிய புஷ்பம் சிறு மருந்துக் குப்பியை என்னிடம் தந்தார். "பத்து நிமிசம் கையை மூடி வச்சிருங்க தாத்தா. ஊதாதீங்க, ஒண்ணும் செய்யாதீங்க. சும்மா பிடிங்க, போதும்." நாற்பது ஆண்டு நீர்க்குவளைகளைப் பிடித்த கைக்கு அது மிகச் சிறிய பொருள். சும்மா பிடித்திருந்தேன்.

கம்பி நுனி தொட்டபோது ஜெய்னம்புவின் உடல் முழுதும் மரக்கட்டைபோல் விறைத்தது. "அசையக் கூடாதும்மா" என்று எஸ்தர் அம்மையார் அவள் தோளைத் தொட்டார். அவள் பற்களைக் கடித்துக் கண்களை மூடிக்கொண்டாள். கட்டில் கவிழப் போகிறதென்றே எதிர்பார்த்துக் கிடந்தாள். அவ்வளவு அச்சத்தையும் அவளுக்குள் வைத்தவன் அறையின் மூலையில் நின்றேன். ஊசி இறங்கியது. சுற்றல் வரவில்லை.

"அரை மணி நேரம் இப்படியே ஒருக்களிச்சுக் கிடக்கணும். பேசக் கூடாது, எச்சில் கூட முழுங்கக் கூடாது. முழுங்குனா மருந்து தொண்டைக்கு இறங்கிரும்" என்று சொல்லிவிட்டு அம்மையார் வெளியே போனார். மைமூன் மாத்திரை வாங்கப் போயிருந்தாள்.

அவள் வாயோரம் துணியை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்தவாறு கிடந்தாள். நான் நாற்காலியை அவளுடைய முகத்தருகே இழுத்துப் போட்டேன். சொன்னேன். சீழைப் பற்றி மருத்துவர் கேட்டதையும், எண்ணெயைப் பற்றிக் கேட்டதையும், நான் இல்லையென்றதையும், அதனால் வந்த ஐந்து மணி நேரத்தையும், சிவப்பெழுத்தையும், நெற்றியின் நான்கு தையலையும் சொன்னேன். அவள் உதடு படிக்கும்படி மெதுவாகச் சொன்னேன்.

அவளுடைய கண்கள் என் வாயை விட்டு அகலவில்லை. துணி நனைந்துகொண்டிருந்தது. ஒருமுறை கையை உயர்த்தினாள், பிறகு இறக்கிக்கொண்டாள். அரை மணி முடிந்ததும் செவிலி வந்து எழுப்பினார். ஜெய்னம்பு ஒன்றும் சொல்லவில்லை. பேருந்திலும் சொல்லவில்லை.

ஷஅபான் பிறை 4, புதன்

காலையில் தேநீரை என் முன் வைத்துவிட்டு எதிரே அமர்ந்தாள்.

"நேத்துச் சொன்னியளே, அது எல்லாம் எனக்கு விளங்கிச்சு. ஆனா நான் பேசக் கூடாத நேரம் பார்த்துச் சொன்னிய."

நான் தலைகுனிந்தேன். அது உண்மை. அந்த அரை மணி நேரத்தை நான் தேர்ந்தெடுத்தேன் என்பதை நேற்றைய குறிப்பில் எழுதாமல் விட்டேன்.

"இன்னொரு தடவை சொல்லுங்கோ. நான் பதில் பேசுற நேரத்துல சொல்லுங்கோ. மைமூனையும் வச்சுக்கிட்டுச் சொல்லுங்கோ."

"மைமூன் எதற்கு?"

"அவளுக்குப் பயந்துதானே மறைச்சிய?"

ஷஅபான் பிறை 5, வியாழன்

அஸர் தொழுகைக்குப் பின் முற்றத்தில் மூவரும் அமர்ந்தோம். எங்களூர் வழக்கப்படி மணமான ஆடவன் மனைவியின் வீட்டிலேயே வாழ்கிறான். நாற்பத்தொன்பது ஆண்டுகளாக இந்த வீட்டில் என்னை மதிப்புக்குரிய மாப்பிள்ளையாகவே வைத்திருக்கிறார்கள். அந்த முற்றத்தில் இரண்டாம் முறையாகச் சொன்னேன். முதல்முறையைவிட இது நெடியதாக இருந்தது. ஒவ்வொரு சொல்லுக்கும் அவள் இடைமறித்தாள்.

"ஐஞ்சாம் நாள் எரியுதுண்டு சொன்னேனே?"

"சொன்னாய்."

"நோய் வெளியேறுதுண்டியளே?"

"சொன்னேன்."

மைமூன் எழுந்து கிணற்றடிக்குப் போய் நின்றாள். நெடுநேரம் கழித்துத் திரும்பி வந்தாள். "வாப்பா, நான் அன்னைக்கு உங்க முகத்தைப் பார்த்தேன். எனக்குச் சந்தேகம் இருந்துச்சு. வாப்பா பொய் சொல்லமாட்டாங்கண்டு நானே அதை அமுக்கிக்கிட்டேன்" என்றாள். அதன்பின் அவள் என்னைப் பார்க்கவில்லை.

ஜெய்னம்பு அழவில்லை. குரல் மட்டும் உயர்ந்தது. தன் குரலின் அளவு அவளுக்குத் தெரிவதில்லை.

"எண்ணெய்க்கு நானும் கூட்டு மச்சான். நீங்க ஓதுனாக் குணமாகும்ண்டு நான்தான் காதைக் காட்டுனேன். அதை நான் குத்தமாச் சொல்லமாட்டேன். இல்லண்டு சொன்னியளே, அதைக்கூட விடுங்கோ, மகளுக்கு முன்னால வெக்கம். ஆனா அந்த ஐஞ்சு மணி நேரம்? நான் மௌத்தாப் போறேண்டு நினைச்சுக் கலிமா சொல்லிக்கிட்டுக் கிடந்தேன். நீங்க தலைமாட்டுல உக்காந்து ஓதுனிய. உங்களுக்குத் தெரியும். ஓதுறதை நிறுத்திட்டு ஒரு வார்த்தை அந்தப் பையங்கிட்ட சொல்லியிருந்தா, அவன் எங்கிட்ட 'இது இறங்கிடும்மா, பயப்படாதிய'ண்டு சொல்லியிருப்பான். ஐஞ்சு மணி நேரமும் சுத்தியிருக்கும். ஆனா சாவு பக்கத்துல வந்து உக்காந்திருக்காதே!"

துளை வழியே மருந்து போயிற்றென அவ்வேளையே நான் தெளிவாக அறிந்தேனோ என்று என்னையே கேட்கிறேன். ஐயம் இருந்தது. ஐயம் இருந்தபோதே சொல்லியிருக்கலாம்.

"மன்னிக்க வேண்டும்" என்றேன்.

"மன்னிப்பேன். இன்னைக்கில்ல" என்றாள். "இனி என் காதைப் பத்தி யார் கேட்டாலும் நான்தான் பதில் சொல்லுவேன். எனக்குக் கேக்கலண்டா எழுதிக் காட்டட்டும். நீங்க எனக்காக வாயைத் திறக்கக் கூடாது."

ஷஅபான் பிறை 7, சனி

இளம் மருத்துவரிடம் போய் உண்மையைச் சொன்னேன். நெடுமூச்சு விட்டார். "நானும் அந்த அழுக்கை எடுத்துப் பார்த்துட்டுத்தான் மருந்து விட்டிருக்கணும் அய்யா. நாலு வாரமா இதே நினைப்பு. யாருக்கும் மரப்பு மருந்து விடவே துணிய முடியல" என்றார். தெருவில் அவரைப் பழித்த மூன்று வீட்டாரிடமும் போனேன். இரண்டு வீட்டார் அமரச் சொன்னார்கள்.

ஷஅபான் பிறை 10, செவ்வாய்

இரண்டாம் ஊசி. எஸ்தர் அம்மையார் வினாக்களை ஏட்டில் எழுதி ஜெய்னம்புவிடம் நீட்டினார். அவள் மூக்குக்கண்ணாடியை மாட்டி ஒவ்வொன்றாகப் படித்து விடையளித்தாள். நான் கேட்டறியாதவை பல. இடச்செவியில் நோய் தொடங்கியது ஆறாண்டுக்கு முன்பன்று, ஏழாண்டுக்கு முன். முதல் ஓராண்டு அவள் என்னிடமே சொல்லவில்லையாம்.

"ஏம்மா சொல்லல?" என்று எழுதிக் கேட்டார்.

"சொன்னா ஓதுவாங்க. ஓதியும் குணமாகலண்டா அவங்க மனசு உடைஞ்சிடும். அதான்."

அம்மையார் என் பக்கம் பார்க்கவில்லை. நான் வாய் திறக்கவில்லை.

இம்முறை கம்பி தொட்டபோது அவள் உடல் விறைக்கவில்லை. "எறும்புதான்" என்று ஊசி இறங்குமுன்பே தானாகச் சொன்னாள்.

ஷஅபான் பிறை 17, செவ்வாய்

மூன்றாம் ஊசி. சுற்றல் பன்னிரண்டு நாளாக இல்லை. மைமூன் என் சட்டைக்குப் பொத்தான் தைத்துத் தந்தாள். பேசவில்லை, தைத்துத் தந்தாள்.

ஷஅபான் பிறை 24, செவ்வாய்

நான்காம் ஊசியும் முடிந்தது. செவிச் சோதனை செய்தார்கள். போனது திரும்பவில்லை; இருப்பது குறையவுமில்லை. "இதைப் பிடிச்சு வச்சிருக்கோம். எவ்வளவு நாளைக்குன்னு என்னால சொல்ல முடியாது. மூணு மாசத்துக்கொரு தடவை வாங்க" என்றார் அம்மையார்.

திரும்பும் பேருந்தில் ஜெய்னம்பு சன்னலோரம் இருந்தாள்; நடுவில் நான். எனக்கு இப்பக்கம் காய்கறிக் கூடையுடன் ஓர் அம்மாள் அமர்ந்தார். அவர் ஜெய்னம்புவிடம் ஏதோ கேட்டார், அவளுக்குக் கேட்கவில்லை. அவர் என் பக்கம் திரும்பினார்.

"அவுகளுக்குக் காது கேக்காதா அய்யா?"

நாற்பத்தொன்பது ஆண்டுப் பழக்கம் நாவின் நுனிவரை வந்தது. வாயை மூடிக்கொண்டேன். ஜெய்னம்புவின் கையைத் தொட்டு, அந்த அம்மாளின் முகத்தைக் காட்டினேன். இருவருக்கும் நடுவே நான் தடையாகாதபடி பின்னே சாய்ந்துகொண்டேன். அம்மாள் மீண்டும் கேட்டார். ஜெய்னம்பு அவருடைய உதட்டைப் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கும்" என்றாள், பேருந்து முழுதும் கேட்கும் குரலில். "கொஞ்சம் உரக்கப் பேசுங்கோ. எங்கிட்டயே பேசுங்கோ."

ஊர் வரும்வரை அவர்கள் பேசிக்கொண்டு வந்தார்கள். கத்தரிக்காய், மருமகள், முழங்கால் வலி. நான் நடுவில் இருந்து கேட்டுக்கொண்டு வந்தேன்.

இக்குறிப்பை என்றேனும் வாசிப்போரே, உங்கள் செவிகளை இறைவன் காப்பானாக. உங்கள் இல்லத்தில் நோயுற்றோர்க்கு அவன் நிறைநலம் அருள்வானாக. அவர்களுக்காகப் பேசும் வாய்களில் உண்மையையும், அவர்களே பேசுகையில் சுற்றியிருப்போர்க்குப் பொறுமையையும் வைப்பானாக. உங்கள் மக்களும் மக்களின் மக்களும் ஒருவரையொருவர் கேட்டு வாழ்வார்களாக. ஆமீன்.